புதன்கிழமை வாசித்த பெயர்

பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டிராத என் அன்பானவருக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அச்சில் போடக் கொடுப்பதே அதற்காகத்தான். நீங்கள் இறந்த பிறகும் உங்கள் பெயரில் வானொலிக்குக் கார்டு போட்டது நான் என்று தச்சநல்லூரில் பேசிக்கொள்கிறார்கள். நான் போடவில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். பிசகவில்லை. இன்று காலைகூட செய்தித்தாளில் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்து வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தோல் உறை போட்ட உங்கள் டிரான்சிஸ்டர் கூடத்து ஜன்னலில் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் பாட்டுக் கேட்கிறவள் இல்லை, அது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் புதன்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் அந்தச் சத்தம் இருந்து பழகிவிட்டது. அதனால் போட்டுவிடுவேன். பேட்டரிக் கட்டைகளை உங்களைப் போல மொட்டை மாடியில் வெயில் காய வைத்து எடுக்கிறேன். எவ்வளவு நேரம் காய வைப்பீர்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு புதன்கிழமை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி வரும் உங்கள் நிலையத்தில் நேயர் விருப்பம். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் பெண் பெயர்களை வாசித்தாள். மேலப்பாளையம் மைதீன் என்றாள். பிறகு மூன்று பெயர்கள். பிறகு தச்சநல்லூர் என்று சொல்லி உங்கள் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும், ஓர் எழுத்தையும் விழுங்காமல். பாட்டு தொடங்கியது. நான் மிச்சக் காயையும் நறுக்கிவிட்டு எழுந்தேன்.

என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. கையில் நார் ஒட்டியிருந்தது, கழுவினேன். ஆனால் அடுத்த புதன்கிழமை நேரத்துக்கு முன்பே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். அன்றும் சொன்னாள். அதற்கடுத்த வாரமும் சொன்னாள்.

ரேடியோ வைத்திருக்கும் டீக்கடை நம் தெருமுனையில் இன்னும் ஒன்று இருந்தது. அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் செண்பகம் குழாயடியில் பேச்சை எடுத்தாள். "ஆச்சி, தாத்தா பேருல நீங்களே கார்டு போட்டு, நீங்களே உக்காந்து கேக்கியளாமே? டீக்கடையில பேசிக்கிடுதாவ." சிரிக்கத்தான் செய்தாள், கெட்ட எண்ணம் இல்லை. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, உன் வீட்டு டிவியைப் போட்டதும் எங்கள் பெட்டியில் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது, முதலில் அதைக் கவனி என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சமையலில் உப்பு போட மறந்துவிட்டேன்.

மறுநாள் பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் கடந்து, மேலப்பாளையத்தில் மைதீன் அண்ணாச்சியின் லுங்கிக் கடைக்குப் போனேன். வேறு யார் எழுதியிருக்க முடியும்? நேயர் மன்றம் என்று ஐந்து பேர் சேர்ந்து நடத்தினீர்களே, அதில் கார்டு எழுதும் வேலை எப்போதும் அவருடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள். வியாழக்கிழமை காலை ஜங்ஷனில் பார்த்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "உம்ம பக்கம் எப்படிக் கேட்டுதுவே?" அவர் பக்கம் எப்போதும் தெளிவாகத்தான் கேட்கும். நீங்கள் ஒருநாளும் நம்பியதில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லி, வந்த விஷயத்தைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நாந்தான் எழுதுதேன் மதினி."

இறந்தவர் பாட்டு விரும்பிக் கேட்பதாக எழுதுவது பொய் இல்லையா என்று கேட்டேன். அவர் ஒரு லுங்கியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பொய்யின்னா நாலு பேரும் பொய்தான். மத்த மூணு பேரும் வீட்டுக்குக் கேபிள் இழுத்தாச்சு. பேரு வந்துச்சுவேன்னு சொன்னா, எதுலவேன்னு கேக்கானுவ. அவனுவ உசுரோட இருந்தும் கேக்கல. அவுக பேர மட்டும் நான் எதுக்கு எடுக்கணும்?"

பிறகு அவரே சொன்னார், எல்லாப் பேரையும் எடுத்தால் மன்றத்தில் மிஞ்சுவது அவர் ஒருவர்தான் என்று. ஒருவனுக்குப் பெயர் மன்றமா, கிறுக்கனா என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தவறு தவறுதான், எடுத்துவிடுங்கள் என்றேன். சரி என்றார். நான் செருப்பை மாட்டும்போதுதான் அதைக் கேட்டார்.

"எடுத்திடுதேன் மதினி. எடுத்தா, பெறவு அந்தப் பேர யாரு சொல்லுவா?"

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. யார் சொல்லுவார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மகன் அப்பா என்கிறான். வேலைக்காரி அய்யா என்கிறாள். மாடியில் குடியிருப்பவர்கள் சார் என்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. நான் சொன்னதே இல்லை. கணவன் பெயரைச் சொல்லாத வழக்கத்தைக் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கேலி செய்வார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் வாய் வரவில்லை. கணவர் பெயர் என்று எந்தப் படிவத்தில் கேட்டாலும் நீங்களே வாங்கி நிரப்பிவிடுவீர்கள். இப்போது மகன் நிரப்புகிறான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவள் நான், என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதில் உங்கள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

அண்ணாச்சி வாக்குத் தவறவில்லை. அடுத்த புதன்கிழமை உங்கள் பெயர் வரவில்லை. மற்ற மூன்று பெயர்களும் வரவில்லை. மேலப்பாளையம் மைதீன் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பெண் பாட்டைப் போட்டுவிட்டாள். முன்பெல்லாம் பெயர் வாசிக்கிற நேரம் பாட்டை விட நீளம் என்று நான் குறை சொல்வேனே, இப்போது அப்படி இல்லை. பாட்டு முடிந்ததும் இந்த நிகழ்ச்சிக்குக் கார்டுகள் குறைந்துவிட்டன, நேயர்கள் எழுத வேண்டும் என்றாள். கேட்கிற மாதிரிதான் சொன்னாள், கெஞ்சவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

செய்யச் சொன்னது நான். செய்தது சரி. அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று விளக்கு வைக்க மறந்து இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று செண்பகம் சொல்கிறாள். அது உண்மைதான். அழுதுகொண்டிருந்தேன் என்றும் சொல்கிறாள். அது உண்மை இல்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து மகன் வந்தான். கேசட் போடும் பெட்டி ஒன்று கொண்டுவந்தான், பழைய பாட்டு நிறையப் பதிந்த கேசட்டுகளும். இரைச்சலே இல்லம்மா, வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்கலாம் என்றான். கேட்டேன். இரைச்சல் இல்லைதான். ஒரு பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டு வந்தது. நடுவில் யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. நல்ல பெட்டி என்று சொல்லி, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

செண்பகம் வீட்டில் டிவி இப்போது இன்னும் சத்தமாக ஓடுகிறது. டீக்கடையிலும் டிவி வைத்துவிட்டார்கள். இனி அங்கே யாரும் உங்கள் பெயரைக் கேட்கப் போவதில்லை, என்னைப் பற்றிப் பேசப் போவதும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை இப்போது எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் அச்சில் கொடுக்கிறேன்.

அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். மன்றத்தில் இனி என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கேட்கிற ஆள் கேட்கிறேன் என்று எழுதினால் அது பொய் இல்லை. அவர் கார்டும் கையுமாக மறுநாளே வந்துவிட்டார். "நீங்க பேரச் சொல்லுங்க மதினி, நான் எழுதுதேன்" என்றார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

நேற்று உட்கார்ந்து எழுதினேன். விரும்பிக் கேட்பவர் என்ற இடத்தில் என் பெயர். அதன் கீழே, யாருடைய நினைவாக என்று உங்கள் பெயர். கோணாமல், அடித்தல் இல்லாமல் வந்தது. காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று அண்ணாச்சியைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எல்லா வாரமும் அவர் சொன்ன பாட்டுத்தான், நீங்கள் "எதையாவது போடும்வே, பேரு வந்தா போதும்" என்று சொல்லிவிடுவீர்களாம். இத்தனை காலம் ஒரே கூடத்தில் இருந்தோம், நானும் கேட்டதில்லை. நீங்களாகவும் சொன்னதில்லை.

கார்டு மேசை மேல் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது. பெயர் வந்தாலும் வராவிட்டாலும், அந்த நிலையம் ஒலிபரப்புகிற வரைக்கும் புதன்கிழமைதோறும் பெட்டியைக் கிழக்கே திருப்பி வைத்து முன்னால் உட்காருவேன். இது என் வாக்கு.

எந்தப் பாட்டு என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வரி போதும். வாய்ச் சொல்லாக யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம், எழுத்தில் பதில் தரவும்.

இப்படிக்கு,
தச்சநல்லூர் ஆவுடையப்பனின் மனைவி