காற்றுவாக்கில் வந்த சேதி அல்ல

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். கிடங்கில் பாரவண்டி பிரேக் பிடிக்காமல், என் அறையில் தங்கியிருக்கும் மீசை அண்ணன் காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிவுதான், நடந்துவிடுவாராம்.

விபத்து அறிக்கையை இங்கிலீஷில் எழுத மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பிரேக் கோளாறு பத்தி நிர்வாகம் 'காட் விண்ட் ஆஃப்'னு போடு தம்பி. ஸ்டைலா இருக்கும்."

காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விபத்துக்கு முந்தின வாரம் முழுக்க, பிரேக் சரியில்லை என்று அண்ணன் இந்த ஆளின் மேஜை முன்னால் நின்று கரடியாகக் கத்தினார்.

"வதந்தியா வந்திருந்தா அப்படி எழுதலாம் சார். அண்ணன் உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. நானும் பக்கத்துல நின்னேன்."

"நீ என்ன இங்கிலீஷ் வாத்தியாரா? சொன்னதை எழுதுடா!"

மேனேஜர் சொன்னபடி எழுதினால், அண்ணன் புகாரே கொடுக்கவில்லை என்றாகிவிடும். பழியும் அண்ணன் தலையில், நஷ்டஈடும் கிடையாது. 'நேரில் பலமுறை தெரிவிக்கப்பட்டது' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருப்பதால் அறையில் பேச்சுத் துணை இல்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மேனேஜர் கூப்பிடுகிறாராம். அந்த வரியை மாற்ற மாட்டேன். வேலை போனால் அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் சின்னவன்