பேசக் கூடாத நாட்களில் ‘இசைத் தோரணம்’

1996 நவம்பர் 6, புதன்

மூடுபனி. பல்கனியில் நின்றால் எதிர்க் கட்டடமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாயிற்று.

குரல் நாணில் இருந்த கட்டியை நேற்று வெட்டி எடுத்தார்கள். சின்னதுதானாம். இரண்டு கிழமைக்கு ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதியாம். வெட்டிய துண்டு பரிசோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு அடுத்த கிழமை. “அனேகமாகப் பயமில்லை” என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது நானும் மனைவி பத்மாவும் அந்த ‘அனேகமாக’வைத்தான் நினைத்துக்கொண்டு வந்தோம். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

வேலைக்கு லீவு. துன் நகரத்து ஹோட்டல் குசினி நான் இல்லாமலும் நடக்கும்.

நடக்காதது ஒன்று இருக்கிறது. பதினேழாம் திகதி ஞாயிறு, ‘இசைத் தோரணம்’. பூம்ப்ளிஸ் தேவாலய மண்டபத்தில் சனத்துக்கு முன்னால், உள்ளூர் வானொலியின் தமிழ் மணித்தியாலத்தில் நேரடி ஒலிபரப்பு. நாலு பாட்டு, நடுவில் சிரிப்பு நாடகம், ஒரு பலகுரல்காரர், கேள்வி பதில். எழுபதுகளில் கொழும்பில் நான் அறிவிப்பாளராக நின்ற நிகழ்ச்சிகள் மாதிரியே. அப்படி ஒன்றை இங்கே சுவிஸிலும் செய்ய வேண்டும் என்று மூன்று வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன். கத்தித்தான் தொண்டை போனது என்கிறாள் பத்மா.

இப்போது அறிவிப்பாளர் ஊமை.

நவம்பர் 7, வியாழன்

மழை. கஞ்சி, பப்பாசி. மருந்து இரண்டு வேளை.

ஜெயசீலன் வந்தான். நிகழ்ச்சிக்குக் கீபோர்ட் வாசிப்பவன், பாட்டுக்குழு அவன் பொறுப்பு. கதவடியிலேயே தொடங்கிவிட்டான். “அண்ணை, தள்ளிப் போடுவமோ? மண்டபக்காரர் இனி மாசிக்குப் பிறகுதான் தருவினமாம்.”

தலையை ஆட்டினேன், தள்ளக் கூடாது என்று.

“அப்ப ஆர் அறிவிக்கிறது? நான் வாசிப்பனோ, கதைப்பனோ?”

தெரியாது. எனக்கே தெரியாததைச் சைகையால் எப்படிச் சொல்வது. தோளைக் குலுக்கினேன். அவன் அழுவான் போலிருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

பத்மா வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள். முதியோர் இல்லத்தில் யாரோ பல்செட்டைச் சூப்புக் கோப்பைக்குள் விட்டது, மேற்பார்வையாளரின் சிடுசிடுப்பு, அக்காவின் டெலிபோன். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இருவது வருசத்தில இண்டைக்குத்தான் ஒரு கதையை முழுசாச் சொல்லி முடிச்சிருக்கிறன்.”

உண்மையாக இருக்கலாம்.

நவம்பர் 9, சனி

வெயில், ஆனால் குளிர். கட்டடத்துச் சலவை அறையில் இன்று எங்கள் முறை இல்லை, அடுத்த சனிதான்.

நாடகத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க வேண்டும். என்னால் வாசிக்க முடியாது. பத்மாவிடம் தாளை நீட்டினேன். வெங்காயம் வதக்கிக்கொண்டே வாசித்தாள். கதை இதுதான்: புதிதாக வந்த தமிழ்ச் சோடி ஒன்று, கட்டடத்தின் பொதுச் சலவை அறையில், தோய்க்கவே கூடாத ஞாயிற்றுக்கிழமையில் உடுப்புத் தோய்க்கப் போய், கீழ்வீட்டு சுவிஸ் அம்மாவிடம் பிடிபடுவது. புருசன், பெண்சாதி, கீழ்வீட்டு அம்மா, நடுவில் அறிவிப்பாளர். எல்லாம் அவளே வாசித்தாள்.

எழுதியவன் நான். நானே சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். சிரிக்கவும் கூடாதே.

பிறகு யோசித்தேன். இவள் நாள் முழுக்கக் காது கேளாத கிழவர்களோடு கதைக்கிறவள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, உரக்க, ஆனால் கோபம் இல்லாமல் வரும். ஒலிவாங்கிக்கு முன் அதைப் பழக எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது!

ஒரு தாளில் ‘நீ அறிவி’ என்று எழுதிக் காட்டினேன்.

“எனக்கென்ன விசரோ?”

‘எனக்கு’ என்று எழுதினேன்.

“ஓம், உங்களுக்குத்தான் விசர்.” கரண்டியோடு போய்விட்டாள். கறி அடிப்பிடித்தது.

நவம்பர் 10, ஞாயிறு

ஜெயசீலன் மறுபடியும் வந்தான். அவனுக்கு வாசித்துக் காட்டச் சொல்லிப் பத்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வாசித்தாள். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

“அக்கா, நீங்கள் மாட்டன் எண்டால் நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன்.”

“இருந்து சாப்பிட்டிட்டுப் போ.”

“சாப்பிட்டாலும் போகமாட்டன்.”

மாலையில் சம்மதித்தாள். எனக்காக இல்லையாம், அவன் புட்டு முழுக்க முடித்துவிடுவான் என்ற பயத்தாலாம்.

குளியலறைக்குள் போனவள் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் வரவில்லை. கண் சிவந்திருந்தது. சவர்க்காரம் என்றாள். நிகழ்ச்சிப் பயமா, மற்றதா, அந்தப் பரிசோதனை முடிவா? கேட்க எனக்குக் குரல் இல்லை. குரல் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

மற்றதைப் பற்றி இங்கே மட்டும்: பயம்தான். இந்த நாட்டுக்கு நான் கொண்டுவந்தது இந்தத் தொண்டை ஒன்றைத்தான். முதல் அகதி முகாமில், இருட்டுக்குள், மேல் கட்டிலில் இருந்து ஒருவர், “நீங்கள் ரேடியோவில வாறவரெல்லோ?” என்று கேட்டார். முகம் பார்க்கவில்லை, குரலை வைத்துத்தான். கிழமைக்கு ஆறு நாள் பாத்திரம் கழுவுகிறவன், ஞாயிறு ஒரு மணித்தியாலம் மட்டும் அந்த ரேடியோ ஆள். அதுவும் போனால்?

போதும்.

நவம்பர் 12, செவ்வாய்

முதல் மழைப்பனி, நிலத்தில் நிற்கவில்லை.

மண்டபத்தில் ஒத்திகை. வானொலியிலிருந்து ஊஎலி வந்தார், ஓய்வு பெற்ற சுவிஸ் ஒலித் தொழில்நுட்பக்காரர், தமிழ் மணித்தியாலத்துக்குச் சும்மா உதவுகிறவர். நாங்கள் செய்யப்போவதை ஜெயசீலன் ஜெர்மனில் விளக்கினான். ஊஎலியின் முகம் மலர்ந்தது. அவருடைய இளமையில் வானொலியில் இதையே ‘பூண்டர் ஆபெண்ட்’ என்று செய்தார்களாம், நிறம் நிறமான மாலைப்பொழுது என்று அர்த்தம். அக்கார்டியன், யோடல் என்கிற மலைப் பாட்டு, நடுவில் ஒரு பகிடிக்காரன். “எல்லாரும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வருவார்கள், வானொலியில் தெரியாது என்று தெரிந்தும்” என்றார். கொழும்பிலும் அப்படித்தான். நான் கழுத்துப்பட்டி கட்டாமல் அறிவித்ததே இல்லை. இதை அவருக்குச் சொல்ல முடியாமல் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் காட்டினேன். தூக்குப் போடுகிறேன் என்று நினைத்துப் பதறிவிட்டார்.

காரிலிருந்து சத்தம் எழுப்பும் சாமான் பெட்டி ஒன்று இறக்கினார். சட்டத்தில் பொருத்திய குட்டிக் கதவு. கூழாங்கல் பரப்பிய தட்டு. இடிக்கு மெல்லிய தகரம். நாடகத்துக்குச் சத்தம் யார் கொடுப்பது என்று கேட்டார்.

கையை உயர்த்தினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

சலவை இயந்திரத்துக்கு மட்டும் சத்தம் அகப்படவில்லை. வீட்டில் சலாதுக் கீரையைச் சுற்றி நீர் வடிக்கும் கூடைக்குள் காற்சட்டைப் பொத்தான்களைப் போட்டுச் சுற்றினேன். அச்சொட்டு அதே சத்தம்! பத்மா என் நீலக் காற்சட்டையைத் தேடுகிறாள்.

நவம்பர் 15, வெள்ளி

பனிக்கட்டி, வழுக்கல். இன்று நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

பத்மா வேலைக்குப் போய்விட்டாள். நான் தனியே. டெலிபோன். அடிக்கட்டும் என்று விட்டேன், யாராக இருந்தாலும் நான் பதில் சொல்ல முடியாதே. நின்றது. திரும்ப அடித்தது. எடுத்தேன்.

“க்ரூஸ்ஸெக்” என்று வணக்கம் சொன்னார் டாக்டர், அவரே. என் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்றார்.

நான் மூச்சு விட்டேன். அவர் மறுபடியும் ஹலோ, ஹலோ. வைத்துவிடப் போகிறார். மேசையில் கிடந்த கரண்டியை எடுத்து ரிசீவரில் தட்டினேன்.

பிறகு சிரிப்பு. “ஓ! மன்னியுங்கள், உங்களைப் பேசக் கூடாது என்று சொன்னவனே நான்தான். ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. சரியா?”

ஒரு தட்டு.

“முடிவு வந்துவிட்டது. சொல்லவா?”

ஒரு தட்டு. கரண்டி வழுக்கி விழுந்தது. குனிந்து எடுத்தேன். காதில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “கூட்ஆர்டிக். கெட்ட கட்டி இல்லை. புற்றுநோய் இல்லை. விளங்கியதா?”

தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். அவர், “விளங்குகிறது, விளங்குகிறது” என்றார். வைத்தபிறகும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

பத்மாவுக்குச் சொல்ல வேண்டும். டெலிபோனில் முடியாது. மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடினேன், எழுதிக் காட்டும் தாளையும் பேனையையும் எடுக்க மறந்து. முதியோர் இல்லம் நடை தூரம். சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கிழவிக்குச் சூப்பு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவில் நின்றேன், மூச்சிரைக்க, முகமெல்லாம் கண்ணீர்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

“என்ன? சொல்லிப்போட்டினமோ? என்னவாம்?”

நான் கையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினால் நல்ல செய்தி? அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கடவுளே, என்னெண்டு சொல்லுங்கோவன்!”

அப்போது அந்தக் கிழவி, ஏப்பிரனில் சூப்பு வழிய, பத்மாவின் கையைத் தொட்டு ஜெர்மனில் சொன்னார்: “பெண்ணே, நல்லாப் பார். அவர் சிரிக்கிறார்.”

பத்மா பார்த்தாள்.

மண்டபத்து நடுவில், எல்லாருக்கும் முன்னால், என் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். கிழவர்கள் கை தட்டினார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, மிச்சச் சூப்பைத் தானே ஊட்டத் தொடங்கினார்.

இன்று மத்தியானம் சோறு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். தொண்டை நோகவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வானம் வெளித்திருந்தது. தூரத்து மலையெல்லாம் தெரிந்தது.

மாலை, மண்டபம் நிறைய. சூரிச், ஷாஃப்ஹவுசனிலிருந்தெல்லாம் சனம். எல்லாரும் பட்டு, கோட்டு. பின்னால் குசினியில் ரோல்ஸ் பொரியல், வடை, கோப்பி.

பத்மா மஞ்சள் சேலை. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். பிறகு, “வணக்கம். வழமையா வாறவருக்குத் தொண்டை சரியில்லை. அதால இண்டைக்கு, வீட்டில அவர் கதைக்க விடாத ஆள் கதைக்கப் போறா.” மண்டபம் வெடித்தது. அது நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை.

இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவது பாட்டுக்காரியின் பெயரை மாற்றிச் சொன்னாள், அந்தப் பிள்ளை மேடையிலேயே திருத்தினாள், அதற்கும் சிரிப்பு. நாடகம் தொடங்கியது. கூழாங்கல்லில் நான் நடந்தேன். குட்டிக் கதவு கிறீச்சிட்டது. கூடையைச் சுற்றினேன்.

சடார். கும்மிருட்டு.

ரோல்ஸ் பொரிக்கும் மின்சட்டியும் கோப்பி இயந்திரமும் ஒன்றாக இழுத்ததில் பியூஸ் போய்விட்டது. விளக்கில்லை, கீபோர்ட் இல்லை. ஊஎலியின் ஒலிபரப்புப் பெட்டியில் மட்டும் சிவப்புப் புள்ளி ஒன்று. அது பற்றரியில் ஓடுவது. அவர் ஜெர்மனில் கிசுகிசுத்தார்: “போகிறது, போகிறது, நிற்காதீர்கள்!” ஒலிபரப்பு நிற்கவில்லை. வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்மாவின் கையில் தாள், ஆனால் படிக்க வெளிச்சமில்லை.

என் வாய் தானாகத் திறந்தது. பழக்கம். பல்லைக் கடித்தேன்.

அவள் குரல் வந்தது, நிதானமாக, காது கேளாதவர்களுக்குச் சொல்வது போல:

“நேயர்களே, இஞ்ச கரண்ட் போயிட்டுது. சுவிஸிலயும் போகும். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ச்சால் போகும்!”

அந்தச் சிரிப்பைக் கொழும்பில்கூட நான் கேட்டதில்லை. அது அடங்குமுன் கீழ்வீட்டு அம்மாவாக மாறிவிட்டாள், ஜெர்மனும் தமிழுமாக, ஒரு தாளும் இல்லாமல். ஜெயசீலன் புருசனாகத் தடுமாறிப் பதில் சொன்னான். அவள் “கதவைத் திற!” என்றால் நான் தட்டினேன். “என்ன இடி முழங்குது?” என்றாள், நாடகத்தில் இடியே கிடையாது. தகரத்தைத் தேடி ஆட்டினேன். பிறகு வேண்டுமென்றே எனக்கு வேலை தரத் தொடங்கினாள்: குதிரை வருகிறதாம், கோழி கத்துகிறதாம். இருபது வருடக் கணக்கை இருட்டில் தீர்த்தாள். நான் வேர்க்க வேர்க்க ஓடினேன். இப்படி நான் சந்தோஷமாக இருந்து எவ்வளவு காலம்.

யாரோ பியூஸைப் போட்டார்கள். வெளிச்சம் வந்ததும் சனம் “ஆ...” என்று ஏமாந்தது.

முடிந்தபின் ஊஎலி என் கையைப் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுவதானால்: எல்லாரும் அவளைச் சூழ்ந்து நின்றபோது ஒரு சின்னக் குத்தல். வாசலில் கதிரை அடுக்கினேன். கதிரை முடியுமுன் குத்தலும் போய்விட்டது. என்னைப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டுப் போனது மாதிரி.

நவம்பர் 20, புதன்

காற்று. குரல் பயிற்சி ஆசிரியையிடம் முதல் நாள். கதிரையில் நிமிர்த்தி இருத்தி, “ம்ம்ம்” சொல்லச் சொன்னார். சொன்னேன். கீழே எங்கோ இருந்து வந்தது. கட்டை, கரகரப்பு, யாரோ தூரத்து மச்சானின் குரல் போல. பழைய குரல் முழுதாக வராது, ஆனால் இது உழைக்கும் குரல் என்றார். நாளுக்குக் கொஞ்சம் பேசலாம். இன்று ஓரிரு சொல்.

அந்த முதல் சொல்லைப் பத்மாவுக்கென்று வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெயரையே சொல்லலாம் என்று யோசித்தேன்.

ஒரு பெண், மடியில் பிள்ளை, என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குறை நினைக்காதேங்கோ. நீங்கள் அந்த ரேடியோ அக்காவின்ர மனுசனெல்லோ?”

“ஓம்” என்றேன்.

முதல் சொல் வந்துவிட்டது. என்ன செய்வது. அவள் குரலைக் கவனிக்கவே இல்லை. “மண்டபத்தில நாங்கள் சிரிச்சுச் சிரிச்சுச் செத்தம் எண்டு அவவிட்டச் சொல்லுங்கோ. மறக்காமச் சொல்லுவியளோ?”

“ஓம்.”

வீட்டில் பத்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். “சிரிச்சுச் செத்தவையாம்” என்று சொன்னேன்.