மூடியில் நீ எழுதியது

மச்சான்,

முந்தாநாள் என் மகன் பெரியவனின் கார் மேட்டுச் சாலையிலிருந்து எங்க பள்ளத்துக்கு இறங்கி வந்து நின்றதும் அந்த வாசனை வந்தது. எரிந்த பிரேக் வாசனை. அது மூக்கில் ஏறினால் நீதான் ஜீப்பை விட்டு இறங்குகிறாய் என்று இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது.

இதை நானே என் கையால் எழுதுகிறேன், தெரியுமா? முதியோர் வகுப்பில் சேர்ந்து ஒன்பது மாதம். இப்போது பஸ் பலகை, உப்புப் பாக்கெட், கல்யாண போஸ்டர் எதையும் விடுவதில்லை. எல்லாம் வாய்விட்டுத்தான். பேரப்பிள்ளைகள் என்னைக் கண்டால் ஓடுகிறார்கள். ஒரு பக்கம் எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது, ஆகட்டும்.

நேற்றுக் காலை திருப்பத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து முன் சக்கரத்தைக் கழற்றினான். "பிரேக் பேட் மட்டும் மாத்தினா போதும்" என்றான். நான் நம்பவில்லை. பேட் கவ்விப் பிடிக்கிற அந்த டிஸ்க் தட்டின் மேல், நீ செய்வதுபோல, நகத்தை உள்ளேயிருந்து வெளியே இழுத்தேன். மூன்று இடத்தில் பள்ளத்தில் மாட்டியது.

"டிஸ்க்கும் போச்சு. ரெண்டு பக்கமும் மாத்து."

"பெருசு, நீங்க இன்னா மெக்கானிக்கா?"

"இல்லப்பா. சந்தேகப்படறவன்."

அவன் கொண்டுவந்த புதுப் பெட்டியையும் நம்பாமல், பக்கத்தில் வைத்துப் பார்க்க உன் பழைய பேட் பெட்டியைத் தேடி எடுத்தேன். அதில்தான் இத்தனை வருஷமாக ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

உனக்கு அது மறந்திருக்காது. நாம் இருவரும் சேர்ந்து ஜீப் ஓட்டிய காலம். ஸ்டியரிங் உன்னுடையது. சாமை மூட்டையும் புளி மூட்டையும் ஏற்றுவதும், ஆட்களை நெருக்கி உட்காரவைப்பதும் என் வேலை. எந்த சாமானை மாற்றினாலும் அதன் பெட்டி மூடியில் எழுதி சீட்டுக்கு அடியில் போடுவது உன் பழக்கம். எழுத்துத் தெரியாத எனக்கு அதுவே சந்தேகம். என்னவோ மறைக்கிறாய் என்று தோன்றும். கடைக்காரன் படித்துச் சொன்னாலும் சந்தேகம், நீ படித்துச் சொன்னாலும் சந்தேகம்.

அந்தச் சனிக்கிழமை திருப்பத்தூர் போய்ப் புது பேட் வாங்கினோம்; மாட்டுவது உன் வேலை. அதற்கு முன்பே, உனக்குத் தெரியாமல், வண்டியில் இருந்த பழைய பேடின் இரும்பு முதுகில் அரத்தால் மூன்று கீறல் போட்டுவிட்டேன். எங்க ஆட்டுக்குக் காதில் வெட்டுகிற அதே குறி. பழையதையே திரும்ப மாட்டினால் தெரிந்துவிடும் அல்லவா?

செவ்வாய்க்கிழமை புதூர்நாட்டில் டயர் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றியதும் குனிந்து பார்த்தேன். மூன்று கீறலும் என்னைப் பார்த்தன.

"இன்னா மச்சான் இது? என் குறி இங்க இருக்குது. புதுசு எங்க?"

"குறி போட்டியா? நான் இன்னா ஆடு திருடனா?"

"புதுசு எங்கன்னு கேட்டேன். யார் வண்டிக்குப் போட்ட?"

உன் முகம் கறுத்துப்போனது. சீட்டுக்கு அடியிலிருந்து காலிப் பெட்டியை எடுத்து என் மார்பில் எறிந்தாய். "மூடியில எழுதியிருக்கு. படிச்சிக்க."

வண்டிக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள்: "அவுரு படிக்கிறாரு பாரு, தலகீழா புடிச்சிக்கினு!" எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரித்தாயா என்று நான் பார்க்கவில்லை. பெட்டியோடு நடந்தே வீடு வந்தேன்.

அதற்குப் பிறகு உன் ஜீப்பில் நான் ஏறவில்லை. என் வீட்டு வளைவில் பல நாள் ஹாரன் அடித்தாய். உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மூடியை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவுமில்லை. என்னைத் திட்டி எழுதியிருப்பாய், படிக்கிறவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான் என்று பயம். எழுத்து வந்த பிறகும் அதை மட்டும் படிக்காமல் விட்டேன். உன் சாவுக்கு வந்தபோதும் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றேன்.

நேற்று ஆணிகளைக் கொட்டிவிட்டு மூடியைத் துடைத்தேன். பால்பாயிண்ட் மை மங்கியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"முன் பேட். போலி. இடுக்கியில் வைத்து இறுக்கினால் மாவாக உதிருது. திருப்பிக் குடுத்தாச்சு. வியாழன் நல்லது வரும். அதுவரை பழசு, இன்னும் தடிமன் இருக்கு. மெதுவா எறங்கணும். அவன்கிட்ட சொல்லல, கடைக்குப் போய் சண்ட போடுவான்."

போட்டிருப்பேன், மச்சான். அதில் சந்தேகமே இல்லை.

இரண்டு நாள் பொறுத்திருந்தால் வியாழக்கிழமை வந்திருக்கும். என்னோடு சேர்ந்து சந்தேகப்பட ஒரு ஆள் இருந்தான், அவனையே சந்தேகப்பட்டேன்.

பெரியவனின் காருக்கு இரண்டு டிஸ்க்கும் நாலு பேடும் புதிதாகப் போட்டாயிற்று. கழற்றிய பேடில் மூன்று கீறல் போட்டேன், பழக்கம் விடவில்லை. ஆனால் இந்த முறை மெக்கானிக்கின் கண்ணெதிரே போட்டேன். எதற்கு என்றும் சொன்னேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

பிறகு பேனாவை எடுத்தேன். உன் மூடியில், உன் எழுத்துக்குக் கீழே விரல் அகலம் இடம் இருந்தது. கோணலாகத்தான் வந்தது, ஆனாலும் எழுதிவிட்டேன்:

படிச்சிக்கிட்டேன் மச்சான்.