அக்கா வீடு போய்ச் சேராத பலாப்பழம்

ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே தள்ளுவண்டியில் வைத்து விற்றார்களாம். மகள் ஒரு பலாப்பழத்தை வாங்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டாள். நேற்றிலிருந்து வீடெல்லாம் அந்த வாசனை. எழுந்தால், உட்கார்ந்தால் உங்கள் ஞாபகம்தான். "என்னம்மா, தனியா சிரிக்கறே?" என்று கேட்கிறாள். அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்களிடமே சொல்லிக்கொள்கிறேன்.

ஐம்பதுகளில் நமக்குக் கல்யாணமாகி வந்த முதல் கோடை. கோயில் யானையைப் பார்த்திருக்கிறேன், காட்டு யானையை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று உங்களிடம் நச்சரித்தேன். புது மருமகள் காடு சுற்றப் போவதென்றால் அத்தை விடுவாரா? அதனால் அஞ்செட்டிப் பக்கம் இருந்த உங்கள் அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போவதாகச் சொன்னீர்கள். ரிசர்வ் காட்டு வழியே நடந்து போவோம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டீர்கள். அத்தை சந்தோஷமாகப் பழுத்த பலா ஒன்றை முழுசாக உங்கள் தோளில் ஏற்றி அனுப்பினார்.

தேன்கனிக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். காட்டு முனையில் இருந்த கன்னடக்கார பாரஸ்ட் கார்டு நம்மைப் பார்த்துப் பதறிப் போனார். காட்டில் யானையைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள்.

"ஏனப்பா இது! இந்த வாசனைக்குப் பெரியவரு தேடிக்கிட்டு வந்துருவாரு. பலா ஹண்ணை இங்கயே வெச்சுட்டுப் போங்க."

"அக்கா வூட்டுக்கு வெறுங்கையோட போனா மரியாதையா இருக்குமா?" என்றீர்கள். உயிர் போனாலும் விருந்து மரியாதை போகக் கூடாது உங்கள் வம்சத்துக்கு.

மூங்கில் காட்டுக்குள் மான்களைக் காட்டினீர்கள். மரத்துக்கு மரம் தாவிய பெரிய அணிலைக் காட்டினீர்கள். இந்தக் காடே உங்கள் பாட்டன் சொத்து என்பது போல ஒரு நடை. வெயில் சாயும்வரை யானையைக் காணோம். எனக்கு மனசு சோர்ந்துவிட்டது. அப்போதுதான் ஓடைத் திருப்பத்தில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது.

ஒற்றை யானை. தும்பிக்கையைத் தூக்கி மோந்துகொண்டே நம்மை நோக்கி வந்தது. திரும்பிப் பார்த்தால் நீங்கள் இல்லை! பலாப்பழம் தரையில், நீங்கள் மரத்தின் மேலே.

"ஏறு புள்ள, ஏறு!" என்று கத்தினீர்கள். கல்யாணப் பட்டுச் சேலையில் நான் எங்கே ஏறுவது? இன்றோடு சரி என்று நினைத்தேன்.

நீங்கள் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தீர்கள். பழத்தைக் காலால் யானைப் பக்கம் உருட்டிவிட்டு, என்னைப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் நின்றீர்கள். யானை பழத்தை மிதித்துப் பிளந்து, நிதானமாகத் தின்றுவிட்டு, நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போய்விட்டது.

"பாத்தியா புள்ள?"

"நல்லா பாத்தேன். நீங்க?"

நீங்கள் வேட்டியை உதறிக் கட்டினீர்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றதை உங்கள் தோளோரமாக எட்டிப் பார்த்தவள்தானே நான்?

வெறுங்கையோடு வந்து நின்ற நம்மை உங்கள் அக்கா மேலும் கீழும் பார்த்தார். "வழியில பெரியவரு ஒருத்தரப் பாத்தோம்க்கா. அவருக்குக் குடுத்துட்டோம்" என்றீர்களே, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! நீங்கள் மரம் ஏறியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இறங்கி வந்ததை மட்டும் ஊரெல்லாம் சொன்னேன்.

அதற்குப் பிறகு நமக்குள் எத்தனையோ சண்டை. பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. ஆனால் இவர் எனக்காக இறங்கி வந்தவர் என்று நினைத்தால் கோபம் நிற்காது. உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இருந்தபோது இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போதும் எனக்கு முன்னால் நீங்களே மேலே ஏறிவிட்டீர்கள். இந்தத் தடவை இறங்கி வர வேண்டாம். பழத்தை அறுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, நானே மெதுவாக ஏறி வருகிறேன்.