மீன்காரர் மகளின் ஒயின்

அன்பு சொலாங்ஜுக்கு,

எதியென் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மூக்கில் அறுவை சிகிச்சை செய்த இடம் ஆறிவிட்டதா? பாரிஸ் ஆஸ்பத்திரிச் சூப்பை நீ தொடுவதே இல்லையாம், உன் தங்கை சொன்னாள். திட்டிக்கொண்டாவது குடித்துவிடு.

அறுவடை முடிந்தது. முடிந்த கதையைக் கேள்.

"விதையை மென்னா கசக்காம நொறுங்கணும், அதுவரைக்கும் குலையில கை வைக்காதே" என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். ஊரில் எல்லோரும் பறித்து முடித்துவிட்டார்கள். சரிவில் நம் திராட்சை மட்டும் தொங்கியது. மேற்கே மேகம் வேறு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துத் தோட்டத்து ரேமோன் கத்தினார்: "என்னடா, ஆறு தலைமுறைத் தோட்டத்தை மீன்காரன் பொண்ணு பேச்சைக் கேட்டு மழைக்குத் தாரை வார்க்கப் போறியா?" நீ கடற்கரையிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவர் வாயில் இதுதானே.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மனிதரை நிலவறைக்கு இழுத்துப் போய், போன வருஷம் நீ தனியாகச் செய்த ஒயினைப் பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். முதலில் கறுப்புச் செர்ரி வாசம், பிறகு மழை நனைத்த இலை, கடைசியில் நாக்கில் நம் மண்ணின் சுண்ணாம்பு. ரேமோன் வாயில் வைத்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா இருந்தா இதுக்குத் தொப்பியைக் கழட்டியிருப்பார்" என்றார். "அவ காத்திருக்கச் சொன்னா காத்திரு. மழை வர்ற மாதிரி இருந்தா பறிக்க ஆளோட நான் வர்றேன்."

வியாழக்கிழமை காலையில் விதை நொறுங்கியது. வானமும் கறுத்தது. ரேமோன் தன் ஆட்கள், மனைவி, மாப்பிள்ளை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசிக் கூடை உள்ளே வந்ததும் மழை கொட்டியது. ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சியை எல்லோருமாகச் சாப்பிட்டோம். ரேமோன் முதல் கோப்பையை உன் பெயர் சொல்லித் தூக்கினார். அவர் வாயில் உன் பெயரை அன்றுதான் கேட்டேன்.

இப்போது தொட்டிகளில் சாறு கொப்பளிக்கிறது. அதைத் தோலிலிருந்து என்றைக்குப் பிரிப்பது? ரேமோன் சொல்லித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. இனி மணம் தெரியாமலே போகலாம் என்று டாக்டர் சொன்னதாகவும், அப்படியானால் நீ இங்கே எதற்கு என்றும் எழுதியிருந்தாய். தொட்டிப் பக்கத்தில் உனக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். நான் முகர்ந்து சொல்கிறேன், என்ன செய்வதென்று நீ சொல். சீக்கிரம் வா.

உன்
எதியென்