சறுக்கில் நின்ற பெட்டி

திங்கட்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நீங்களும் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வருஷம் கழித்து எழுதும் கடிதத்தில் இதற்கு மேல் நலம் விசாரித்தால் எனக்கே சிரிப்பு வரும். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நடுவில் நான் கத்துவேன். நீங்கள் உங்கள் வழக்கப்படி வாயே திறக்கமாட்டீர்கள். தங்கை போனைப் பிடுங்கி, "அண்ணா, இன்னும் அதேதானா?" என்பாள். அதனால்தான் கடிதம்.

ஒரு கணக்கு எனக்குப் புரியவில்லை. இதை எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரியில் நான் "டேய் தராசு" என்று கூப்பிட்ட ஆளை, தங்கையைக் கட்டிக்கொண்டார் என்பதற்காக "நீங்கள்" என்று எழுத வேண்டியிருக்கிறது. போகட்டும்.

கணக்கு நீங்கள் இருபது வருஷமாக வகுப்பில் போட்டுக்காட்டுவதுதான். சாய்தளத்தில் ஒரு பெட்டி. எங்கள் கிடங்கில் முற்றத்திலிருந்து மேடைக்கு ஏற ஓர் இரும்புச் சாய்தளம் உண்டு. ஆட்கள் அதைச் 'சறுக்கு' என்பார்கள். சாய்வு பதினைந்து பாகை. மரப்பெட்டிக்குள் மோட்டார், மொத்தம் இருநூறு கிலோ. நாலு பேர் கயிறு கட்டி மேலே இழுப்பார்கள். மேடை நிறைந்திருந்தால் பெட்டியைச் சறுக்கிலேயே பாதி வழியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் நிறுத்திய பெட்டிக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை வைப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அதை நான் நிறுத்தினேன். கட்டையைத் தேடுவதிலும் வைப்பதிலும் எடுப்பதிலும் நேரம் போகிறது என்று மேனேஜர் சொன்னார். நான் கணக்குப் போட்டுத் தேவையில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

கணக்கைப் பாருங்கள். பெட்டியைக் கீழே இழுக்கும் விசை 507 நியூட்டன். மரத்துக்கும் இரும்புக்கும் உராய்வுக் கெழு 0.42. புத்தகத்தில் பார்த்து எழுதவில்லை, சுருள்வில் தராசு வைத்து நானே அளந்தேன். அப்படியானால் உராய்வு 795 வரை பிடிக்கும். யாராவது கூடுதலாக முப்பது கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி இழுத்தாலொழியப் பெட்டி நகராது. பள்ளிக்கூடக் கணக்கு. இதில் உங்களாலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

பெட்டி நகர்ந்துவிட்டது.

இரண்டு வாரம் ஆகிறது. பதினொன்றரை மணிக்குப் பாதிச் சறுக்கில் நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கல் போல நின்றது. ஒன்றே முக்காலுக்கு, கீழே அடுத்த பெட்டிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த எங்கள் கயிற்றுக்காரர் மேல் வந்து இறங்கியது. இரண்டு பெட்டிக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. அவருக்கும் எனக்கும் ஒரே வயது. இருபது வருஷமாக ஒரே கேட்டில் நுழைகிறோம், மொத்தமாக இருபது வார்த்தை பேசியிருப்போம்.

என் கணக்குச் சரி என்றால் யாரோ இழுத்திருக்க வேண்டும். அப்போது அங்கே இருந்தவர் அவர் ஒருவர்தான். மேனேஜர் அறிக்கையை எழுதியே வைத்துவிட்டார்: பெட்டிக்கு அடியில் சிக்கிய கயிற்றை எடுக்க அவர் இழுத்தார், சொந்தக் கவனக்குறைவு. அப்படி முடிந்தால் அவருக்கு வேலையும் இல்லை, வைத்தியமும் இல்லை. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை விசாரணை. பொறியாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து மட்டும் பாக்கி.

மருத்துவமனைக்குப் போய்க் கேட்டேன். "நான் தொடவே இல்ல சார். அது பாட்டுக்கு வந்துச்சு. சத்தம்கூட இல்ல, பூனை எறங்குற மாதிரி வந்துச்சு" என்றார். இதுதான் என்னைக் குழப்புகிறது. மரம் இரும்பில் உரசினால் பல் கூசும் சத்தம் வரும். சத்தமில்லாமல் எப்படி இறங்கும்? பொய் சொல்பவர் இப்படி வேண்டாத விவரத்தையா சேர்ப்பார்? அவர் மனைவி வாசல்வரை கூடவே வந்து, "இவருக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா எப்பவோ மேஸ்திரி ஆயிருப்பாரு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே சறுக்கில் புதுப் பெட்டி வைத்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு, ஆட்கள் வருமுன். நின்றது. மறுநாளும் நின்றது. நாலு பேரைச் சறுக்கில் குதிக்கச் சொன்னேன், அதிர்வால் நகருமோ என்று. அசையவில்லை. ஆட்கள்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் காய் நறுக்கும் பலகையை அலுமினியத் தட்டில் வைத்துச் சாய்த்துக்கொண்டிருக்கிறேன். "பலகையக் குடுங்க. உங்க கணக்கு சாப்பாட்டுக்கு அப்புறம் வழுக்கட்டும்" என்கிறாள் உங்கள் அக்கா. என் மனைவியை நீங்கள் இன்னும் அக்கா என்றுதானே கூப்பிடுகிறீர்கள்? அவளுக்கு உங்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை. எல்லாவற்றையும் நான் ஒருவனே சுமக்க வேண்டியிருக்கிறது.

மற்றபடி கிடங்கு எப்போதும் போலத்தான். ஒரு பெட்டியை மேலேற்ற நாலு நிமிஷம் என்று நான் ஒட்டிய நோட்டீசை ஆட்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். ஸ்டோர்கீப்பர் ஒரு தனித் தலைவலி. மாதம் இரண்டு டஜன் மெழுகுவத்தி காணாமல் போகிறது. கடைசியாக மின்வெட்டு வந்து வருஷக்கணக்காகிறது, ஆனால் மெழுகுவத்தி மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று முறை எழுத்தில் விளக்கம் கேட்டேன். "எலி சார்" என்கிறார். எங்கள் கிடங்கில் எலிக்குக்கூடப் படிக்க விளக்கு தேவைப்படுகிறது போல.

நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இரண்டாம் வருஷம், கரும்பலகையில் ஓடும் கார் வரைந்து, சக்கரத்தில் உராய்வின் அம்பைப் பின்பக்கம் பார்த்துப் போட்டேன். நீங்கள் எழுந்து நின்று, "சார், அம்பு தலைகீழ்" என்றீர்கள். அறுபது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து கல்லூரி முடியும்வரை எனக்குப் பெயர் 'தலைகீழ்'. எஞ்சின் சுழற்றும் சக்கரத்துக்கு அம்பு முன்னோக்கி, சும்மா உருளும் சக்கரத்துக்குப் பின்னோக்கி. எந்தச் சக்கரம் என்று கேள்வியில் எழுதவே இல்லை! இதை இருபத்தேழு வருஷமாக ஒருவரும் கேட்கத் தயாராக இல்லை. பின்னால் என் வீட்டில் பெண் கேட்கவும் நீங்கள் என்னைத் தாண்டித்தான் போனீர்கள். அதை இங்கே கிளற வேண்டாம்.

படமும் அளவுகளும் இணைத்திருக்கிறேன். கணக்குச் சரி என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

தங்கைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

ஞாயிற்றுக்கிழமை

மாப்பிள்ளைக்கு,

உங்கள் அஞ்சலட்டை எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை வந்தது. நான் நாலு பக்கம் எழுதினேன், படம் போட்டேன், எண்ணெல்லாம் கொடுத்தேன். நீங்கள் அனுப்பியது மூன்றே வார்த்தை: 'மெழுகுவத்தி எங்கே போகிறது?' கையெழுத்துக்கூட இல்லை. அடியில் தங்கை பென்சிலால், 'அண்ணா, அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டையைக் கிழித்திருப்பேன். உராய்வைக் கேட்டால் மெழுகுவத்தியைக் கேட்கிறார், பெரிய பேராசிரியர், நக்கல் இன்னும் போகவில்லை என்று நாள் முழுக்கப் புலம்பினேன். என் மனைவி அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுக் கோபப்படுங்களேன்" என்றாள். சரி, ஸ்டோர்கீப்பரையாவது ஒரு பிடி பிடிக்கலாம் என்று மறுநாள் அட்டையோடு போய் நின்றேன். வெளியூரிலிருந்து பேராசிரியரே கேட்கிறார், இப்போது சொல்லும், எலியா என்றேன்.

அவர் படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு முற்றத்துக்கு நடந்து, அங்கிருந்த ஒரு காலிப் பெட்டியை இரண்டு ஆட்களை வைத்துக் கவிழ்த்துப் போட்டார். அடிக்கட்டை இரண்டும் பளபளவென்று இருந்தன. தொட்டேன். நகத்தில் வெள்ளையாக மெழுகு வந்தது.

"நீங்க நாலு நிமிஷம்னு நோட்டீஸ் ஒட்டுன மறுநாள்லேருந்து சார்" என்றார். "மெழுகு தேய்க்காம இந்தக் கனத்த நாலு நிமிஷத்துல யாராலயும் ஏத்த முடியாது."

நான் அளந்ததெல்லாம் புதுப் பெட்டி. முதல் அளவு அலுவலக வராந்தாவில் ஓர் இரும்புத் தகட்டின் மேல், நோட்டீஸ் ஒட்டுவதற்கு முந்தைய வாரம் எடுத்தது. அதன்பின் மூன்று வருஷத்தில் ஒரு பெட்டியின் அடியைக்கூட நான் பார்க்கவில்லை.

அன்றே மெழுகு தேய்த்த பெட்டியைச் சறுக்கில் வைத்தேன். காலையில் நின்றது. கெழு 0.31. இங்கேதான் எனக்கு மறுபடி தலை சுற்றியது, மெழுகிருந்தும் நிற்கிறதே என்று. பிறகுதான் கூரையைக் கவனித்தேன். பன்னிரண்டு மணிவரை சறுக்கு நிழலில் இருக்கிறது. அதன்பிறகு முழு வெயிலும் அந்த இரும்பின் மேல்தான். ஒன்றரைக்குக் கை வைக்க முடியவில்லை. மெழுகு இளகுகிறது. வழக்கமாகப் பன்னிரண்டரைக்குள் பெட்டியை மேலேற்றிவிடுவார்கள், அன்றைக்குத்தான் மேடை காலியாக நேரமாகிவிட்டது. மறுபடி அளந்தால் 0.24. பதினைந்து பாகையில் நிற்க 0.27 வேண்டும். நாங்கள் எல்லாரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் தொடவில்லை. சத்தமே இல்லாமல், அவர் சொன்ன மாதிரியேதான், பூனை போல இறங்கி வந்தது.

கணக்கு முடிந்தது. எனக்குத்தான் ஒன்றும் முடியவில்லை.

கயிற்றுக்காரரிடம் போய், மெழுகு என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா தேச்சவங்க நாலு பேர் வேலையும் போயிரும் சார். எனக்குப் போனது கால் ஒண்ணுதான" என்றார். அதுவும் சரி, இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் சிரித்தார். கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, பாவம் என்பது போல. "உங்ககிட்ட யார் சார் வந்து சொல்லுவா? கட்டை இருக்கட்டும் சார்னு அப்பவே ஒருத்தன் வந்து கேட்டான். 'உனக்குக் கணக்குத் தெரியுமா'ன்னு கேட்டீங்க. அவனும் போயிட்டான்."

அப்படி யார் வந்து கேட்டது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன் சிரித்த அறுபது பேரில் பாதிப் பேர் முகம் நினைவிருக்கிறது. இந்த முகம் இல்லை. நாற்பது ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் முப்பத்தொன்பது பேருக்குத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அது எப்படி என்று இன்னும் விளங்கவில்லை. அதற்கு எந்தப் படம் வரைவது, எந்தப் பக்கம் அம்பு போடுவது?

புது அறிக்கை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். முட்டுக்கட்டையை எடுத்தது தப்பு, நாலு நிமிஷம் வைத்தது தப்பு, இரண்டும் என் கையெழுத்து என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுச் சாவகாசமாகத் திருப்பித் தந்தார். "கணக்குப் போட்டதும் நீங்க, சரின்னதும் நீங்க. இப்ப தப்புன்னும் நீங்களே சொன்னா எவன் சார் நம்புவான்? ஆளுக்காகப் பேசுறீங்கம்பான். வெளியில பெரிய இடத்துலேருந்து யாராவது எழுதினா பாக்கலாம். இல்லன்னா மெழுகு தேச்சது ஆளுங்க தப்புன்னு அதையும் சேத்து எழுதிருவேன்" என்றார். விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

தங்கையிடம் சொல்லுங்கள்: அவரைப் பார்த்துக்கொள்ள மனைவி மட்டும்தான். அந்த அம்மாள் தையல் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். என் மனைவி தினமும் சாப்பாடு கொண்டுபோகிறாள். நேற்று நானும் போனேன். ஸ்டோர்கீப்பரிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு நாளாக முயல்கிறேன், வாசல்வரை போய், ரசீதுப் புத்தகம் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன்.

டேய், இனி 'நீங்கள்' வரவில்லை, மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தோடு எல்லா அளவும் இருக்கிறது, காலை, மத்தியானம், புதுப் பெட்டி, மெழுகுப் பெட்டி. பரிசோதித்துப் பார். சந்தேகம் இருந்தால் நேரில் வா, வீடு உன் வீடுதான், தங்கையையும் அழைத்து வா. பிறகு உன் பல்கலைக்கழகத் தாளில், விசாரணைக் குழுவுக்கு எழுது. தயவு தாட்சண்யம் பார்க்காதே. பெட்டியின் அடியைப் பார்க்காமல் எண் எழுதிய பொறியாளர் என்று எழுது. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்றாயே, அதே மாதிரி எழுந்து நில். மேனேஜரின் அறிக்கையில் அம்பு அந்த மனிதரைப் பார்த்து நிற்கிறது. அது தப்பு என்று நான் சொன்னால் எடுபடவில்லை. நீ சொல்.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
தலைகீழ்