முதல் முடி வெட்டியது யார்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுகிறாள். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதனால் நலம் என்றே எழுதச் சொன்னேன்.

அப்பா போன அன்று, வர வழியில்லாத தூரத்திலிருந்து நீ அழுதுகொண்டு போன் செய்தாய், நான் பாதியில் வைத்துவிட்டேன். கோபம் இல்லை ராஜா. போன மாதம் நம் சலூனுக்கு வரும் பேப்பரில் ஒரு செய்தி, கம்ப்யூட்டர் யார் குரலையும் திருடி அப்படியே பேசுமாம், பிள்ளை அழுவது போல் அழுது பெற்றவர்களை ஏமாற்றுகிறார்களாம். அப்பா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உரக்கப் படித்திருக்கிறார். எதிர்வீட்டு லாரிக்காரர், என் குரலைத் திருடுனா குறட்டைதான் கிடைக்கும், எடுத்துட்டுப் போகட்டும் என்றாராம். கடையே சிரித்தது, உன் அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, போன் ஒட்டுக் கேட்கும் என்று அதை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, எங்களை உட்காரவைத்தார். உன் குரலில் யார் அழுதாலும், உனக்கு முதல் முடி வெட்டியது யார் என்று கேட்க வேண்டும். அப்பா என்று சொன்னால் திருட்டுக் குரல், சலூன்காரன் பிள்ளைக்கு யார் வெட்டியிருப்பார் என்று எந்த மெஷினும் சொல்லிவிடும். ஆடு என்று சொன்னால்தான் நீ. உன் ஒரு வயதில் அவர் வெட்டிவிட்ட லட்சணத்தைப் பார்த்து, ஆடு மேஞ்ச மாதிரி இருக்கே என்று நான் சிரித்தது இத்தனை வருஷமாக அவர் மனதில் கிடந்திருக்கிறது. உனக்கும் சொல்லிவிடலாமே என்றேன். போன்ல சொன்னா அதுக்குக் கேட்டுடும்டி, லெட்டர் போடறேன் என்றார். இன்றைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டார்.

அவர் போன அன்று லாரிக்காரருக்குப் பாதி முகம் சவரம் செய்திருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். உனக்குத் தகவல் சொன்னவரும் அந்த மனுஷன்தான். நாள் முழுக்க ஒரு கன்னத்தில் தாடியோடு நம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார், யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு கன்னம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது உன் போன். பேப்பரில் போட்டிருந்த அதே அழுகை. நான் கேள்வியைக் கேட்டேன். என்னம்மா கேக்கற, அப்பாதாம்மா என்றாய். வைத்துவிட்டு, போனை டப்பாவில் போட்டு மூடினேன். சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க இருக்கிறது.

தங்கச்சியை உனக்குத் தெரியும், வாயைத் திறக்க அவளுக்கு நாளாகும். நேற்று பாத்திரம் கழுவும்போது குனிந்தபடியே, அம்மா, அண்ணனுக்கு அந்தப் பதில நாம யாரும் சொல்லவே இல்லியே என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அழுதது நீயேதான். உடனே கூப்பிடலாம் என்று இவள் சொன்னாள். பதிலைப் போனில் சொல்லக்கூடாது என்றவர் அவர், அதை மீற எனக்கு மனசு வரவில்லை. கடிதம் வருகிறது என்று மட்டும் மெசேஜ் அனுப்பச் சொன்னேன்.

இது கிடைத்ததும் கூப்பிடு. உன் குரல் எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்பேன். நீ ஆடு என்று சொல். அப்போதாவது அழுகை வருகிறதா பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. முடி வளர்ந்திருக்கும், நல்ல ஆளாகப் பார்த்து வெட்டிக்கொள். எங்கே இருந்தாலும் நீ குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா

எழுதியது தங்கச்சி. அண்ணா, போனை டப்பாவிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். மாவையும் துடைத்துவிட்டேன்.